எடுத்துவிட்ட அத்தியாயம்

“அதை எடுத்துவிடுங்கோ, பிள்ளை” என்று அவர் சொன்னபோது என் வாயில் அவர் வீட்டுச் சோறு இருந்தது. விளைமீன் குழம்பு ஊற்றிய சோறு. விழுங்கவும் மனமில்லாமல், பதில் சொல்லவும் வழியில்லாமல் அவரைப் பார்த்தபடி இருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சோற்றுக் கோப்பையின் ஓரத்தில் இன்னொரு பொரித்த மீன் துண்டை வைத்துவிட்டு, கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்திய பல மாதங்களாக அவர் என்னை ‘நீ’ என்றுதான் சொல்லி வந்தார். அன்று ‘விடுங்கோ’ என்றார். எதைக் கேட்கிறார் என்பது முழுதாக விளங்குவதற்கு முன்பே, எங்களுக்கிடையில் ஏதோ ஒன்று விலகிப்போனதை அந்த ஒரு சொல்லில் உணர்ந்துவிட்டேன்.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் எம்.பில். என்கிற முதுதத்துவமாணிப் பட்டத்துக்கான ஆய்வைச் செய்துகொண்டிருந்தேன். வடமராட்சியின் வடக்குக் கரையில், மீன்பிடியை நம்பி வாழும் குடும்பங்களில் பெண்கள் எப்படித் தொழிலை நடத்துகிறார்கள் என்பது என் தலைப்பு. அவர் அந்தக் கரையில் ஒரு சம்மாட்டி. சொந்தமாகப் படகும் வலையும் வைத்து, ஆட்களைக் கடலுக்கு அனுப்பித் தொழில் செய்பவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். பெரும்பாலும் ஆண்கள்தான் சம்மாட்டிகள். இவர் பெண். அதனால்தான் நான் அவரைத் தேடிப் போனேன். அவருடைய ஊரை இங்கே சொல்லமாட்டேன். வேறு சில விபரங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். எவற்றை மாற்றினேன் என்று கேட்க வேண்டாம்.

எங்கள் வீடு கோப்பாயில். வெங்காயமும் புகையிலையும் பீற்றூட்டும் வைக்கும் தோட்டக்காரக் குடும்பம். கடலைப் பார்க்கப் போன நாட்கள் உண்டு, கடலால் வாழ்கிறவர்களின் வீட்டுக்குள் போனதில்லை. பருத்தித்துறை பஸ்ஸில் ஏறி, வல்லை வெளிக் காற்றில் தலைமயிரெல்லாம் கலைந்து, கையில் கடதாசிக் கோவையும் கேள்விகளுமாக முதல்நாள் போய் நின்றபோது, சம்மாட்டி அக்கா என்னை உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டார். பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த பிறகும் ஏன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன் என்பது அவருக்கு விளங்கவில்லை. “முதல்தரம் பெயிலோ?” என்று மிகுந்த பரிவோடு கேட்டார். இல்லை, இது அதற்கு மேலே இன்னொரு படிப்பு என்று விளக்கினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. இந்தப் பிள்ளையை எப்படியாவது பாஸாக்கிவிட வேண்டும் என்று அன்றே முடிவெடுத்துவிட்டார் போல. அதன் பிறகு நான் போன போதெல்லாம் எனக்காக யாராவது ஒரு பெண்ணைக் கூப்பிட்டு வைத்திருப்பார். வெட்கப்படுகிறவர்களை, “சொல்லு, சொல்லு, பிள்ளைக்குச் சோதினை இருக்கு” என்று தூண்டிவிடுவார்.

எனக்கு அங்கே எல்லாமே கிடைத்தது அவரால்தான். மேற்பட்டப் படிப்புக்கு வரும் மாணவர்களுக்கு இதை யாரும் முதலிலேயே சொல்வதில்லை. களஆய்வு என்று நாங்கள் பெயர் வைத்திருப்பது, ஒருவர் தன் வீட்டுக் கதவைத் திறந்து எங்களை உள்ளே விடுவதுதான். அவர் திறக்காவிட்டால் எங்கள் கேள்விகள் வாசல் படலையோடு நின்றுவிடும். அவர் திறந்துவிட்டால், எங்கள் திறமையால்தான் உள்ளே போனோம் என்று கொஞ்ச நாளில் நினைக்கத் தொடங்கிவிடுவோம்.

ஒருநாள் முன்பகலில், கருவாட்டுக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்த நேரம், அவர் தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொன்னார். நான் கேட்டு வந்த பதிலல்ல அது. பேச்சு எங்கோ தொடங்கி அங்கே போய் நின்றது. என் கைபேசி கவிழ்த்த கூடையின்மேல் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தது. அவர் அதை மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. அவர் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. அது குற்றமும் அல்ல, என் கணக்கில் வெட்கப்பட வேண்டியதும் அல்ல. அவர் தன் குடும்பத்தை எப்படி நிமிர்த்தினார் என்பதும், அதை ஏன் வேறு மாதிரி ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார் என்பதும்தான். சொல்லி முடித்துவிட்டு, உப்புக் கையோடு கண்ணைத் துடைக்க முடியாமல் முழங்கையால் துடைத்தார். நானும் அழுதேன். ஆனால் பின்னேரம் பஸ்ஸில் வல்லை வெளியைத் தாண்டும்போது என் நெஞ்சுக்குள் இருந்தது துக்கம் அல்ல, சந்தோசம். என் ஆய்வேட்டுக்கு நடுவம் கிடைத்துவிட்டது என்ற சந்தோசம். அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

அந்த அத்தியாயத்தை நான் எழுதிய வேகத்தில் வேறெதையும் எழுதியதில்லை. அவருக்கு வேறு பெயர் வைத்தேன். ஊருக்கும் வேறு பெயர். அன்று சொன்னதை எழுதுகிறேன் என்று அவரிடமும் சொல்லியிருந்தேன். என் பேராசிரியர் எளிதில் பாராட்டுகிற மனிதர் அல்ல. முந்திய அத்தியாயங்களை வாசித்துவிட்டு ஓரங்களில் கேள்விக்குறிகளாகப் போட்டுத் தந்தவர், இதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “இதுக்காகத்தான் மிச்சத்தை எழுதியிருக்கிறீர் போல” என்றார். மற்ற அத்தியாயங்களையெல்லாம் இதற்கு ஏற்றபடி திருத்தி அமைத்தேன். முன்னுரை அதை நோக்கிப் போனது. முடிவுரை அதிலிருந்து வந்தது.

அப்படி எல்லாம் முடிந்து, இனி மெய்ப்புப் பார்ப்பதுதான் மிச்சம் என்றிருந்த நாட்களில்தான் அந்த மதியச் சாப்பாடு. அவரே கைபேசியில் கூப்பிட்டு, சாப்பிட வா என்று அழைத்திருந்தார்.

கருவாட்டுக்கு மீன் வெட்டிய அன்று சொன்னதைத்தான் எடுத்துவிடச் சொன்னார். மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்களாம். நல்ல இடமாம். மாப்பிள்ளையின் தம்பி எங்கள் பல்கலைக்கழகத்தில்தான் படிக்கிறானாம். நான் அவசரமாக விழுங்கிவிட்டு, பெயரையெல்லாம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், யாருக்கும் தெரியவராது என்றேன்.

“பேரை மாத்தினாப் போலை? இந்தக் கரையிலை படகு விடுற பொம்பிளையள் எத்தினை பேர், பிள்ளை?”

ஆனாலும் விட மனமில்லாமல் இன்னொன்று சொன்னேன். ஊரில் சிலருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்தானே என்றேன். சொன்ன கணத்திலேயே அது எவ்வளவு மட்டமான பேச்சு என்று விளங்கியது. அவர் கோபிக்கவில்லை.

“தெரிஞ்சது வேறை. எழுதிக் கிடக்கிறது வேறை. தெரிஞ்சதை ஆக்கள் மறந்துபோவினம்.”

சரி அக்கா, எடுத்துவிடுகிறேன் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கை கழுவும்போது, செம்பில் தண்ணீர் வார்த்துக்கொண்டு நின்ற அவரிடம், “வாற மாதம் ஆய்வேட்டைக் குடுக்கவேணும், அக்கா” என்றும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று பலதடவை யோசித்திருக்கிறேன். அவர் மனம் மாற வேண்டும் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அவர் மனம் மாறவில்லை. ஆனால் அந்தச் சொல் அவருக்குள் போய்த் தங்கிவிட்டது. செம்பு கையில் அப்படியே நிற்க, “அப்ப பெயிலாக்கிப் போடுவினமோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். என் முகம் வேறொன்றைச் சொல்லியிருக்க வேண்டும்.

பேராசிரியரிடம் போனேன். அவர் வேறேதாவது வழி சொல்லுவார் என்ற நம்பிக்கை இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பங்குபற்றுகிறவர் எந்த நேரத்திலும் விலகலாம் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதியது யார் என்று கேட்டார். நான்தான் எழுதியிருந்தேன். எல்லோருடைய படிவத்திலும் இருக்கிற வசனம் அது. நானும் அப்படியே போட்டிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உண்மையாகவே வந்து நிற்பார் என்று நினைத்திருக்கவில்லை. “ஒரு வருசம் கூடப் போகும். வீட்டிலை சொல்லும்” என்றார் பேராசிரியர்.

ஆனாலும் உடனே எடுத்துவிடவில்லை. கொஞ்ச நாள் அந்த அத்தியாயத்தோடு மல்லுக்கட்டினேன். கரையை மன்னாருக்கு மாற்றிப் பார்த்தேன். ஒரு பெண்ணை இரண்டு பெண்களாக்கிப் பார்த்தேன். படகை எடுத்துவிட்டுக் கடை வைத்துக் கொடுத்தேன். எப்படி மாற்றினாலும் இரண்டு பக்கம் தாண்டும்போது முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரே வந்து நின்றார். கடைசியில் எடுத்தேன். எடுத்த பிறகு மிஞ்சியது ஆய்வேடாக இருக்கவில்லை. நடு வளைமரம் கழன்ற கூரை மாதிரி, ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு திசையில் சரிந்து கிடந்தது.

வீட்டில் சொன்னபோது அம்மாவுக்குக் கோபம் வந்தது. எனக்கு வந்த சம்பந்தங்களையெல்லாம் படிப்பு முடியட்டும், படிப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டு வந்தவர் அவர். இன்னொரு வருடம் என்றதும், “தன்ரை பிள்ளைக்குக் கலியாணம் நடக்கவேணுமெண்டு அந்தப் பொம்பிளை என்ரை பிள்ளையை மறிச்சுப் போட்டாள்” என்றார். அம்மா சொன்னது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். மறுத்துப் பேசவில்லை. அந்த நாட்களில் எனக்குள்ளேயும் அந்தக் கோபம்தான் இருந்தது. அம்மா அதைச் சத்தமாகச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்ல ஓர் ஆள் இருந்தது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

சில கிழமைகளுக்குப் பிறகு ஒரு நாள் பத்து மணிபோல் படலை திறக்கும் சத்தம் கேட்டது. சம்மாட்டி அக்கா நின்றார். கையில் ஒரு பை. அதில் றால், கட்டாக் கருவாடு, எனக்குப் பிடிக்குமென்று விளைமீன். ஐஸ் போட்டு, கடதாசியில் சுற்றி, பஸ்ஸில் மணக்காதபடி பையை இரண்டாகப் போட்டு எடுத்து வந்திருந்தார். கோப்பாய்ச் சந்தியில் இறங்கி, வெங்காயத் தோட்டங்களுக்குள்ளால் கேட்டுக் கேட்டு வந்தாராம். உள்ளே வாங்கோ அக்கா என்றேன். அவர் என் தோளுக்கு மேலால், வாசலில் வந்து நின்ற அம்மாவைப் பார்த்தார். “இதிலை நல்ல காத்து, பிள்ளை” என்று சொல்லி வெளி விறாந்தைக் கதிரையில் இருந்தார்.

அம்மா பையை வாங்கிக்கொண்டு போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தார். கடதாசிக் கப்பில். யாருடையதோ பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சிக் கிடந்த, பூப்போட்ட கடதாசிக் கப். எங்கள் வீட்டில் வருகிறவர்களுக்கென்று கண்ணாடி அலுமாரியில் கப்புகள் அடுக்கியிருந்தன. அவர் வீட்டில் எத்தனையோ மதியங்கள் அவர்களுடைய கோப்பையில் சாப்பிட்டவள் நான். அம்மா நீட்டிய கப்பைப் பார்த்தேன், பிறகு விறாந்தைச் சீமெந்தைப் பார்த்தேன். அவர் வாங்கி ஊதி ஊதிக் குடித்தார். முடிந்ததும் கப்பை நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு அம்மாவிடம் கேட்டபோது, கப்பெல்லாம் கழுவாமல் கிடந்தது என்றார். இருக்கலாம். என் ஆய்வேட்டில் ஒவ்வொரு அடிக்குறிப்பையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்தவள், அன்று குசினிக்குள் போய்த் தொட்டியை எட்டிப் பார்க்கவில்லை.

அவர் வந்த காரணத்தைத் தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் சொன்னார். சம்பந்தம் சரிவரவில்லையாம். சாதகம் பொருந்தவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அதைச் சொன்னபோது அவர் குரலில் மகளைப் பற்றிய கவலையைவிட வேறொன்று முந்தி நின்றது.

“சும்மா உன்ரை படிப்பைக் கெடுத்துப் போட்டன். இப்ப அந்தக் கலியாணமும் இல்லை. நீ அதைத் திருப்பிப் போடு, பிள்ளை. நான் ஒண்டும் சொல்லமாட்டன்.”

எனக்கு முதலில் வந்தது என்ன என்பதைச் சொல்லத்தான் வேண்டும். உடம்பெல்லாம் லேசாகியது. அத்தியாயம் என் மடிக்கணினியில் இருந்தது. ஒலிப்பதிவுகள் இருந்தன. ஒரு கிழமையில் எல்லாவற்றையும் பழையபடி பொருத்திவிடலாம் என்று மனம் அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது. வாசலில் நின்ற அம்மா, “அவவே சொல்லுறா தானே” என்றார். சம்மாட்டி அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவருடைய கைகளைப் பார்த்தேன். மடியில் இருந்த கைப்பையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். அந்த மகளுக்கு இன்னொரு சம்பந்தம் வரும். அடுத்த மாப்பிள்ளைக்கும் எங்கோ படிக்கிற தம்பி இருப்பான். அவர் மனம் மாறி வந்திருக்கவில்லை. என்மேல் இரக்கப்பட்டு வந்திருந்தார். நான் கை கழுவும்போது சொன்ன அந்த ஒரு வசனத்துக்காக, தன்னிடம் இருந்த பெறுமதியான ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தார்.

வேண்டாம் என்று சொன்னால் கேட்கமாட்டார் என்று தெரிந்தது. வற்புறுத்துவார். அம்மாவும் சேர்ந்துகொள்வார். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் என்னால் தாக்குப்பிடிக்க முடியாது. ஆகவே பொய் சொன்னேன்.

“எல்லாத்தையும் அழிச்சுப் போட்டன், அக்கா. இனி ஏலாது.”

கதவைச் சாத்திவிட்டால் இருவருக்கும் நிம்மதி என்று நினைத்தேன். அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். அது அப்படியே விழுந்துபோனது. “இனி ஏலாதோ?” என்று மெல்லக் கேட்டார். பிறகு, “ஒரு கிழமை முந்தி வந்திருக்கவேணும்” என்றார். அது எனக்குச் சொன்னது அல்ல, தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. எழும்பி, அம்மாவிடம் போட்டு வாறன் என்று சொல்லிவிட்டு, படலையைக் கவனமாகக் கொழுவிப் போனார். நான் சந்திவரை கூடப் போனேன். வழியெல்லாம் என்னைத் தேற்றிக்கொண்டு வந்தார். அடுத்தமுறை சோதினையில் பாஸ் எடுத்துவிடுவாய், பயப்படாதே என்றார். அவரை ஏற்றிவிட்டு வந்த கையோடு மடிக்கணினியைத் திறந்து, அத்தியாயத்தையும் ஒலிப்பதிவுகளையும் உண்மையாகவே அழித்தேன். சொன்ன பொய் மெய்யாகிவிட்டது. அதனால் அது பொய் இல்லை என்று கொஞ்சக் காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருடம் நீண்டதாக இருந்தது. கரைக்கு நான் போகவில்லை. சந்தை ஏலத்தையும் கூட்டுறவுச் சங்கத்தையும் பற்றி, நூலகத்தில் இருந்தபடியே எழுதக்கூடிய அத்தியாயம் ஒன்றை எழுதினேன். யாருக்கும் நோகாத, யாருக்கும் நினைவில் நிற்காத அத்தியாயம். சம்மாட்டி அக்கா இடையிடையே கைபேசியில் கூப்பிடுவார். பேச்சு எங்கே தொடங்கினாலும், “சோதினை முடிவு வந்ததோ?” என்றுதான் முடியும். இன்னும் இல்லை என்றால், அந்தப் பக்கத்தில் ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சுக்குப் பயந்து, சில நாட்களில் அவர் பெயர் திரையில் ஒளிர்வதைப் பார்த்துக்கொண்டே எடுக்காமல் இருந்திருக்கிறேன். ஒருவருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறோம் என்றால் அவரைத் தேடிப் போவோம் என்று நினைப்பது தவறு. பெரும்பாலும் அவருடைய தெருவைத் தவிர்த்துத்தான் நடப்போம்.

கடைசியில் பட்டம் கிடைத்தது. பரீட்சகர்கள் குறை சொல்லவில்லை. பெரிதாக ஒன்றும் சொல்லவுமில்லை. அவரைக் கூப்பிட்டுப் பாஸ் என்று சொன்னபோது, நல்லூரானுக்கு நேர்ந்திருந்தாராம், நேர்த்தியை முடிக்க வேண்டும் என்றார். மகளுக்கும் பிறகு வேறு இடத்தில் கலியாணம் ஒப்பேறியது. போனேன். எல்லோருக்கும், இந்தப் பிள்ளை என்னாலை ஒருக்கால் பிந்தினது, ஆனாலும் பட்டத்தை எடுத்துப் போட்டுது என்று என்னை அறிமுகப்படுத்தினார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பந்தியில் எனக்குப் பக்கத்தில் வந்திருந்து பாயசம் ஊற்றச் சொன்னார். இல்லை அக்கா, உங்களால் இல்லை என்று அந்தச் சத்தத்துக்குள் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை.

இப்போது நான் அதே பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாக மேற்பட்டப் படிப்புக்கு வருகிறவர்களுக்கு அறிமுக வகுப்பு ஒன்று நடக்கும். நடைமுறை விஷயங்களைச் சொல்லுங்கோ என்று துறைத்தலைவர் என்னிடம்தான் தருவார். சொல்கிறேன். எழுதியது ஒன்றுமில்லாவிட்டாலும் மேற்பார்வையாளரைப் போய்ப் பாருங்கள், ஒளிந்து திரிவதுதான் ஆபத்து. எல்லாவற்றையும் வாசித்து முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்துவிடாதீர்கள், வாசிப்பு முடியாது. முதல் மாதத்திலேயே எழுதத் தொடங்குங்கள், மோசமாக எழுதுங்கள், திருத்தலாம். உசாத்துணை நூல்களை அன்றன்றே குறித்து வையுங்கள். கோப்புகளை ஒரே இடத்தில் வைத்திராதீர்கள். வேலைக்குப் போய்க்கொண்டு படிக்கிறவர்கள் கிழமையில் எந்த நேரம் படிப்புக்கு என்று வீட்டாருக்கு வெளிப்படையாகச் சொல்லுங்கள், அவர்களும் உங்களோடு சேர்ந்துதான் இந்தப் பட்டத்தைச் செய்கிறார்கள். எல்லோரும் எழுதிக்கொள்கிறார்கள். பிள்ளை பெற்று ஒரு வருடம் ஆகாத பெண், உடுவிலில் இருந்து வரும் ஆசிரியர், அலுவலகத்தில் அரைநாள் லீவு போட்டு வந்தவர் எல்லோருடைய முகத்திலும், இதைச் சரியாகச் செய்துவிட வேண்டும் என்ற தவிப்பு இருக்கிறது. எனக்கும் அந்த முகம் இருந்தது.

இந்த முறை ஒரு மாணவி எழும்பி, களஆய்வில் ஒருவர் கடைசி நேரத்தில் தான் சொன்னதைத் திரும்பக் கேட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். கொடுத்துவிட வேண்டும் என்றேன். “அப்ப எங்கடை வேலை, மிஸ்?” என்றாள். ஒரே ஆளில் ஓர் அத்தியாயத்தைக் கட்டாதீர்கள், கால அட்டவணையில் அதற்கென்று இடம் விட்டு வையுங்கள் என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார்கள். சரியான அறிவுரைதான். ஆனால் வகுப்பு முடிந்து படியிறங்கும்போது, நான் சொன்னதெல்லாம் ஆய்வேட்டைக் காப்பாற்றும் வழி என்பது உறைத்தது. சொல்ல வேண்டியது வேறு. கொடுக்கும்போது உங்கள் நட்டத்தை அவர் கண்ணில் காட்டாதீர்கள். எத்தனை மாதம் பிந்தும் என்று சொல்லாதீர்கள். அவர் கேட்டது அவருடையது, நீங்கள் திருப்பிக் கொடுத்தது உங்கள் தயவு அல்ல என்று அவருக்கு விளங்கும்படி கொடுங்கள். இதை அவர்கள் கொப்பியில் எப்படி எழுதுவார்களோ தெரியாது. திரும்பிப் போய்ச் சொல்லவும் இல்லை. வீட்டுக்கு வந்து இதை எழுதத் தொடங்கினேன்.

எழுதி முடித்ததும் சம்மாட்டி அக்காவைக் கூப்பிட்டேன். அவரைப் பற்றி எழுதியிருக்கிறேன், வாசித்துக் காட்டுகிறேன், வேண்டாமென்றால் கிழித்துவிடுவேன் என்றேன். கரையில் நிற்கிறார் போல, காற்றின் இரைச்சல் கேட்டது. வாசி என்றார். வாசித்தேன். கடதாசிக் கப் வந்த இடத்தை வேகமாக வாசித்துத் தாண்டினேன். ஓர் இடத்தில் மட்டும் மறித்து, அந்த இரண்டு வரியை எடு என்றார். எடுத்துவிட்டேன். அழித்துவிட்டேன் என்று பொய் சொன்ன இடம் வந்ததும் மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“அப்ப அண்டைக்கு அது இருந்ததோ?”

“இருந்தது, அக்கா. உங்களை பஸ் ஏத்திப் போட்டு வந்துதான் அழிச்சனான்.”

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். பிறகு, இதுக்கு ஏதும் பட்டம் தருவார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்ப ஏன் எழுதுகிறாய் என்றார். குத்தலாகக் கேட்கவில்லை, அறியத்தான் கேட்டார். எனக்குத் தெரிந்த பதில்களெல்லாம் வகுப்பில் சொல்லக்கூடியவை. அவரிடம் சொல்லக்கூடியது ஒன்றுதான் இருந்தது.

“மனசிலை கிடந்து அரிக்குது, அக்கா.”

“உன்ரை படிப்பைக் கெடுத்துப் போட்டனெண்டு எனக்குந்தான் இவ்வளவு காலமும் அரிச்சது” என்றார். “நான் ஆருக்கு எழுதுறது?”

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. படகு கரைக்கு வருகிறது என்று சொல்லிவிட்டுக் கைபேசியை வைத்துவிட்டார்.